அரங்கேற்றமும் குறைகேட்டலும் – ஆடை வடிவமைப்பு மாணவர்க்குத் தமிழ் மரபு தரும் பாடம்

அமராவதியாற்றின் கரையில் நெல்வயல்கள் சூழ அமைந்த பழைய ஊர் கொமரலிங்கம். ஆற்றுப் பாசனத்தை நம்பி ஏர் பிடித்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று விடியற்காலைப் பேருந்தில் ஏறி உடுமலைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் செல்கின்றனர். நூற்பாலைக்குச் செல்வோர் உளர். பனியன் கம்பெனியில் பவர் டேபிளுக்கும் செக்கிங்குக்கும் செல்வோர் உளர். அண்மைக் காலமாக ஆடை வடிவமைப்பில் பட்டம் பெற்றுச் சாம்பிள் பிரிவில் அமர்வோரும் பெருகி வருகின்றனர். இத்தகைய மாணவர்க்குப் பகுதி ஒன்றில் தமிழ் கற்பிப்பது யான் பல்லாண்டுகளாகச் செய்துவரும் பணி. நன்னூற் பாயிரத்தை நடத்தும்போதெல்லாம் கடைசி இருக்கையிலிருந்து ஒரு வினா தவறாமல் எழும்: "ஐயா, துணி வெட்டப் போகிற எங்களுக்கு இது எதற்கு?"

நியாயமான வினாவே. அதற்கு வகுப்பில் யான் கூறிவந்த விடை எனக்கே நிறைவளித்ததில்லை. பழைய மாணவன் ஒருவனுக்கு நேர்ந்தது அவ்விடையை மீண்டும் தேடவைத்தது.

தோளில் ஒரு மடிப்பு

அவன் கொமரலிங்கத்துப் பிள்ளை. பட்டம் பெற்றபின் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் சாம்பிள் பிரிவில் சேர்ந்தான். அவன் முதன்முதலாகத் தானே வரைந்து தைப்பித்தது பச்சிளங்குழந்தைக்கான ஒரு பனியன். அதன் தோட்பகுதியில் முன்துண்டும் பின்துண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மடிந்து நிற்கும். காரணம் எளியது. குழந்தையின் தலை அதன் உடலை நோக்கப் பெரியது. கழுத்தைச் சிறிதாக வைத்தால் தலை நுழையாது; பெரிதாக வைத்தால் தோளினின்று சரியும். ஏறி மடிந்த தோளோ உடுத்தும்போது விரிந்து கொடுக்கும். உடுத்தியபின் படிந்து நிற்கும். குழந்தை உடையை அழுக்காக்கிவிட்டால் தலைவழியே கழற்றாமல் தோள்வழியே கீழிறக்கிக் கழற்றவும் கூடும். இவ்வமைப்பு அவன் புதிதாகக் கண்டதன்று. பல நாடுகளில் வழங்குவதே. எனினும் மடிப்பின் ஆழத்தையும் அதனைச் சுற்றும் ரிப் பட்டையின் இழுவையையும் பலமுறை மாற்றித் தைத்துப் பார்த்து அவன் தேர்ந்துகொண்டிருந்தான்.

மாதிரியைக் காண வந்த பையரின் பிரதிநிதி அதனைக் கையில் எடுத்தார், தோளை விரித்துப் பார்த்தார், "இந்த மடிப்பு ஏன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எடுத்துவிடுகிறேன், சார்" என்றான் இவன். அவரும் குறித்துக்கொண்டார். மடிப்பின்றித் தைத்த அடுத்த மாதிரி, தலை நுழையவில்லை என்னும் குறிப்போடு திரும்பி வந்தது. அந்த உடை ஆர்டரிலிருந்து நீக்கப்பட்டது. அவனைச் செக்கிங் பிரிவுக்கு மாற்றினர். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டான்.

என்னைக் காண வந்தபோது அவன் கூறியது இது: "குற்றம் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன், ஐயா. ஏன் என்று மட்டுந்தான் கேட்டார் என்பது ஊருக்கு வந்த பிறகுதான் விளங்கியது."

அவனைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. எம்.ஃபில். பட்டத்துக்காக யான் அளித்த ஆய்வேட்டின்மீது வாய்மொழித் தேர்வு நடந்தபோது, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சுட்டிய ஒவ்வொன்றையும் யான் மறுத்தேன். இயல்களின் வரிசை தவறு என்றார், மறுத்தேன். ஒரு மேற்கோள் இடம் மாறியுள்ளது என்றார், அதனையும் மறுத்தேன். பட்டம் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து ஏட்டைப் புரட்டியபோது மேற்கோள் இடம் மாறித்தான் இருந்தது. என் மாணவன் கேட்ட மாத்திரத்தில் அனைத்தையும் விட்டுக்கொடுத்தான். யானோ எதனையும் விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் செய்யத் தவறியது ஒன்றே. வந்த சொல் எத்தகையது என்று பிரித்தறியாமலே விடையிறுத்தோம்.

அரங்கேற்றம் என்னும் நிறுவனம்

ஒருவன் படைத்ததைப் பலர்முன் வைத்து, அவர் கூறும் குறைகளைக் கேட்டு, தக்கவற்றுக்கு விடை கூறி, அதன்பின் உலகில் உலவவிடுதல் தமிழருக்குப் புதிதன்று. அரங்கேற்றம் என்று அதற்குப் பெயர் சூட்டி முறை வகுத்தவர்கள் நம் முன்னோர். நாட்டியம் பயின்ற பெண் முதன்முறை மேடையேறுவதையே இன்று அச்சொல் பெரிதும் குறிக்கிறது. நூலுக்கு நடந்த அரங்கேற்றத்தில் கைதட்டலைவிடத் தடைகேட்டலே முதன்மை பெற்றிருந்தது.

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் வழங்கிய சிறப்புப் பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறியது என்று உரைக்கிறது. இதற்கு நச்சினார்க்கினியர் ஒரு பின்னணி கூறுவர். அகத்தியனார் தொல்காப்பியர்மீது சினங்கொண்டு, "நீ அவன் நூலைக் கேளற்க" என்று அதங்கோட்டாசானைத் தடுத்தனர். தொல்காப்பியரோ கேட்குமாறு பன்முறை வேண்டினார். இருவருக்கும் இடையில் அகப்பட்ட ஆசான் ஒரு வழி கண்டார்: நூலைக் கேட்பது, கேட்டு எல்லாவிடத்தும் குற்றம் கூறுவது, அவ்வாறாயின் அகத்தியனார்க்கும் வெறுப்பு நேராது. அவர் கூறிய குற்றங்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறினார். இவ்வரலாற்றின் உண்மை பொய்ம்மையை ஆராய்வது இங்கு நோக்கமன்று. குற்றம் கூறுவதற்கென்றே ஒருவர் கேட்கவும், அவர்முன் நின்று ஒவ்வொன்றாக விடையளித்து நூல் நிலைபெறவும் கூடும் என்று நம்பிய சமூகம் இது என்பதே நோக்கற்பாலது. குற்றம் கூறியவரைப் பாயிரம் மறைக்கவில்லை. நூலாசிரியர் பெயரோடு சேர்த்தே அவர் பெயரையும் பொறித்து வைத்தது.

திருப்பூரில் இதே நிகழ்ச்சி ஓர் உடைக்குப் பன்முறை நடைபெறுகிறது. டெக் பேக் வந்தபின் புரோட்டோ சாம்பிள், ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பி.பி. சாம்பிள் என மாதிரிகள் படிப்படியாகத் தைத்தனுப்பப்படுகின்றன. நிறத்துக்கு லேப் டிப்; அச்சுக்கு ஸ்ட்ரைக் ஆஃப். ஒவ்வொன்றும் கமெண்ட்ஸ் என்னும் குறிப்போடு திரும்பி வரும். பி.பி. சாம்பிளுக்கு ஒப்புதல் கிடைத்தபின்னரே மொத்தத் துணியில் கத்தரி படும். ஆயின் அத்தனை அவைகளிலும் நம் பிள்ளைகள் ஊமையராய் நிற்கின்றனர். அவர்களுக்காகப் பேசுவோர் வேறு எவரோ. ஆங்கிலம் வாராமையே காரணம் என்பர். ஓரளவே உண்மை. அதே பிள்ளைகளைத் தமிழில் பேசச் சொன்னாலும், "நல்லா இருக்கும் ஐயா" என்பதற்கு மேல் சொல் வருவதில்லை.

பாயிரம் என்னும் முன்வைப்பு

பவணந்தியார் கொங்கு நாட்டவர் என்பர். பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அவரது சனகை என்று கருதுவாரும் உளர். சீயகங்கன் வேண்ட அவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலை முன்வைக்குங்கால் கூறவேண்டுவன இவை என்று ஒரு பட்டியல் தருகிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன எட்டு. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உண்டு என அந்நூலே குறிக்கிறது. மாணவர் இதனை மனப்பாடம் செய்து தேர்வுத்தாளில் இறக்கி வைத்துவிட்டு மறந்துபோவர். அந்தப் பனியனுக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம்.

வழி என்பது இது எதனின்று வந்தது என்பது. தோள்மடிப்பு தன் கண்டுபிடிப்பன்று என்பதை முதலிலேயே கூறிவிட்டால், தான் செய்த மாற்றம் எது என்று காட்ட இடம் கிடைக்கும். எல்லை என்பது நூல் வழங்கும் நிலம். உடைக்கோ அது விற்பனையாகும் நாடும் அந்நாட்டின் குளிரும் வெயிலும். யாப்பு என்பது கட்டுக்கோப்பு: சிங்கிள் ஜெர்சியா, இன்டர்லாக்கா, ஜி.எஸ்.எம். எவ்வளவு, தையல் எத்தகையது. கேட்போர் யார் என்பதில்தான் மாணவர் பெரிதும் இடறுகின்றனர். உடுப்பது குழந்தை, உடுத்துவது தாய், வாங்குவது கடை, பார்ப்பது பிரதிநிதி. இந்நால்வரில் எவரைக் கருதித் தோள் மடிக்கப்பட்டது? தாயைக் கருதி. பயன் அதிலேயே அடங்கிவிடுகிறது. இவ்வளவும் கூற ஐந்து மணித்துளி போதும். இவற்றைத் தொடக்கத்திலேயே அவன் கூறியிருப்பின் "ஏன்?" என்னும் வினா பிறந்திராது; பிறந்திருப்பினும் விடை அவன் கையில் இருந்திருக்கும்.

பாயிரத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதால் சிறப்புப் பாயிரத்தை ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணாக்கரோ, உரையாசிரியரோ செய்தல் வேண்டும் என்பது விதி. ஆயின் தற்புகழ்ச்சி பொருந்தும் இடங்கள் நான்கு என்றும் அந்நூல் ஒதுக்கிக் காட்டுகிறது: மன்னன் அவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதார் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிரி தன்னைப் பழித்த காலத்தில். விண்ணப்பம் எழுதுவதும் நேர்காணலுக்குச் செல்வதும் முதலிரண்டில் அடங்கும். அடக்கம் என்று எண்ணி இவ்விடங்களில் வாயடைத்து நிற்கும் நம் மாணவிகளுக்கு இதனை யான் அழுத்திக் கூறுவதுண்டு.

அவையடக்கமும் சாக்குப்போக்கும்

அவையடக்கம் பாடாத காப்பியப் புலவர் அரியர். பாற்கடலை நக்கிக் குடித்துவிட விழைந்த பூனையாகத் தம்மைக் கூறிக்கொண்டார் கம்பர். சிறு பிள்ளைகள் தரையில் கோடு கிழித்து, இது அறை, இது ஆடரங்கு என்று விளையாடினால் தச்சர் அவர்மீது சினப்பரோ என்றும் கேட்டார். வடிவமைப்பு மாணவர் தம் சுவரில் எழுதி வைக்கத்தக்க உவமை அது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும் அவையடக்கம் கூறிவிட்டே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றுக்குள் புகுகின்றார். ஆயின் அடக்கம் கூறிய இருவரும் அதன்பின் எடுத்த காரியத்தில் தளர்ந்தனர் அல்லர். ஒருவர் பத்தாயிரத்துக்கும் மேல், ஒருவர் ஐயாயிரத்துக்கும் மேல் என விருத்தங்களை அடுக்கி நின்றனர்.

நம் மாணவர் கூறுவது வேறு. "நேரம் போதவில்லை", "இந்த நிறம் கிடைக்கவில்லை", "இது சரியாக வரவில்லைதான்". இது அவையடக்கமன்று. படைப்பைத் தானே முன்னதாகப் பழித்துவிட்டால் பிறர் பழிக்க மாட்டார் என்னும் அச்சம். கேட்போர் காணாத குறையையும் காட்டிக்கொடுப்பது ஒன்றே இதனால் விளைவது. திருக்குறளில் அவையறிதலும் அவையஞ்சாமையும் 72, 73 ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. அறிதல் முன்னும் அஞ்சாமை பின்னும் வைக்கப்பட்டிருப்பதைக் காண்க.

பேசாத அவை

அவையை அறிதல் என்பதற்கு இறையனார் களவியல் உரை கூறும் வரலாற்றைவிடச் சிறந்த சான்று யான் கண்டதில்லை. இறையனார் அருளிய அறுபது நூற்பாக்களுக்குச் சங்கப் புலவர் பலரும் உரை கண்டனர். எது மெய்யுரை என்று துணிய, உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுப் பிள்ளையை அமர்த்தினர். அவன் வாய் பேசாதவன். ஒவ்வொருவராய் உரை வாசிக்க அவன் வாளா இருந்தான். மருதன் இளநாகனார் உரையைக் கேட்டபோது சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தது. நக்கீரர் உரைக்கோ சொல்தோறும் அவ்வாறு நிகழ்ந்தது. அதனையே தீர்ப்பாகக் கொண்டனர்.

மொழி தெரியாத பையர்முன் நிற்கும் மாணவனுக்கு இதில் பெரிய பாடம் உண்டு. அவர் வாய் கூறுவதற்கு முன்னரே கை கூறிவிடுகிறது. துணியை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறாரா, தையலை உட்புறம் திருப்பிப் பார்க்கிறாரா, மேசையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறாரா? அந்தப் பிரதிநிதி தோளை விரித்துப் பார்த்தபின் வினவினார் என்றேன். விரித்துப் பார்த்தவர் ஆர்வம் கொண்டவர். தலைகவிழ்ந்து நின்ற என் மாணவன் அதனைக் காணவில்லை.

எழுமதம்

தடை எழுந்தபின் செய்வது யாது? நன்னூலார் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறைகளை எழுமதம் என்று தொகுத்துரைத்தனர். உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்துதல், இருவர் மாறுபட்டுக் கூறுவனவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறர் வழிச் சாராது தன் கருத்தையே கொள்ளுதல் என்பன அவை. நூலாசிரியனுக்கு வழி ஏழு இருக்க, என் மாணவன் முதலாவதை மட்டும் அறிந்திருந்தான்; யான் இரண்டாவதை மட்டும் அறிந்திருந்தேன்.

உடன்படுவதில் பேச்சு மிகுதல் ஆகாது. அளவு தவறியிருக்கிறது என்று குறிப்பு வந்தால் திருத்திவிட்டுத் திருத்தினேன் என்பதே போதும். தவறியமைக்கு வரலாறு கூறவேண்டா. மறுக்கவேண்டிய இடமும் உண்டு. குழந்தை உடையின் கழுத்தருகே அழகுக்காக நாடா வைக்கச் சொன்னால் மறுத்தே தீரவேண்டும். அந்நாடா எதிலேனும் சிக்கிக் குழந்தையின் கழுத்தை இறுக்கிவிடும் என்பதால் பல நாடுகளின் பாதுகாப்பு நெறிகள் அதனைத் தடுக்கின்றன. இங்கு விதியே நம் சார்பில் பேசும்.

யான் மிகவும் பெரிதெனக் கருதுவது மூன்றாவது முறை. பிறர் கருத்தை மேற்கொண்டு களைதல் என்பது வாதத்தில் ஒரு நயம். சாம்பிள் அறையிலோ அது கண்கூடான செயல். "மடிப்பு வேண்டா என்றீர்கள், அவ்வாறே ஒன்று தைத்திருக்கிறோம், மடிப்புடையதும் இதோ, இரண்டையும் இந்தத் தலைவடிவத்தில் ஏற்றிப் பாருங்கள்" என்று கூறிவிட்டால் பேச்சுக்கு வேலையில்லை. எவர் முகமும் வாடவேண்டியதில்லை. கூறியவர் தம் கருத்து மதிக்கப்பட்டதைக் காண்கிறார். அதன் முடிவையும் தாமே காண்கிறார். துணியும் தையற்கூலியும் சிறிது செலவாகும். மொத்தமாக வெட்டியபின் திரும்பி வருவதோடு ஒப்பிட்டால் அது செலவேயன்று. நிறம் மங்கும், சுருங்கும் என்னும் ஐயங்களுக்கும் இதுவே வழி: துவைத்துக் காட்டுதல்.

ஐந்தாவது முறை திருப்பூரில் நாள்தோறும் வேண்டப்படுவது. மெர்ச்சண்டைசர் விலை கூடுகிறது என்பார். பேட்டர்ன் மாஸ்டர் துணியைக் குறைத்தால் உடல் பிடிக்கும் என்பார். இருவர் கூற்றும் உண்மை. இளைய வடிவமைப்பாளர் இருவரையும் நிறைவுபடுத்த முயன்று, சிறிது இங்கும் சிறிது அங்கும் குறைத்து, எவர்க்கும் ஆகாத ஓர் உடையைப் படைத்து விடுகின்றனர். ஒருதலை துணிதல் என்றது இதற்குத்தான். எதனைத் துணிந்தோம், எதனை விட்டோம், ஏன் விட்டோம் என்று இருவரிடமும் வெளிப்படக் கூறுதல் வேண்டும். ஆறாவது முறையாகிய பிறர் குற்றம் காட்டலை மாணவர் இப்போதைக்குப் பயிலவேண்டா என்பது என் கருத்து. அது தானாகவே வந்துவிடுகிறது.

உடனே விடை தெரியாதபோது கால அவகாசம் கேட்பதும் தோல்வியன்று. காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது முதற் சொல்லிலேயே தடை எழுந்தது. 'திகழ்' என்பதும் 'தசக்கரம்' என்பதும் புணர்ந்து 'திகடசக்கரம்' ஆவதற்கு இலக்கணம் யாது என்றனர். அன்று அவை கலைந்தது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தில் விதி காட்டினார் என்பது வரலாறு. வந்தவர் முருகப்பெருமானே என்பது அடியார் கொள்கை. வீரசோழியம் செய்த புத்தமித்திரர் பௌத்தர். சைவப் புராணத்துக்குப் பௌத்தர் நூல் சான்றாக வந்து நிற்பதில் அவையோர் எவரும் குறை காணவில்லை.

கம்பர் 'துமி' என்னும் சொல்லைத் துளி என்னும் பொருளில் ஆண்டபோது அப்படியொரு சொல் வழக்கில் உண்டா என்று ஒட்டக்கூத்தர் வினவினார் என்றும், மோர் கடையும் பெண்ணொருத்தி அச்சொல்லைத் தன் பிள்ளைகளிடம் இயல்பாகக் கூறக் கேட்டு அவர் அடங்கினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. இருவரும் ஒரு காலத்தவரா என்பது வேறு ஆராய்ச்சி. ஒருவருக்கு நூல் சான்று. மற்றவருக்கு வீட்டு முற்றத்து வழக்குச் சான்று. தோள்மடிப்புக்கு எந்த நூலிலும் சான்று தேடவேண்டியதில்லை. கைக்குழந்தை உள்ள எந்த வீட்டுக்கேனும் சென்றால் போதும்.

பழிக்கும் வினா

வினாவெல்லாம் அறிவதற்காகவே எழுவதில்லை. இழிவுபடுத்த எழுவதும் உண்டு. கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தியவர். நூறு பேர் நூறு வகையாகக் கவனத்தைச் சிதைக்க, அனைத்தையும் நினைவில் நிறுத்தி விடையளிக்கும் கலை அது. சீறாப்புராணத்துக்கு உரை கண்டவரும் அவரே. அவரை மடக்கக் கருதிய ஒருவர், துருக்கனுக்கு இராமன் துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொன்னாராம். இசுலாமியப் புலவர் சினப்பார், அல்லது திகைப்பார் என்பது எதிர்பார்ப்பு. பாவலரோ முன் அடியின் இறுதியில் 'சத்' என்று நிறுத்தி, ஈற்றடியோடு சேர அதனைச் சத்துருக்கன் ஆக்கிவிட்டார். தம்பிக்குத் தமையன் துணை, கேட்டவர்க்கு விடை. அவையே மகிழ்ந்தது. சினத்தை வெளிக்காட்டாமல், கொடுத்த சொல்லை மாற்றாமல், அதன் முன் ஓர் அசையைச் சேர்த்த அந்த அமைதியை அவதானப் பயிற்சி அவருக்கு அளித்திருந்தது.

முன்னரே கேட்டல்

குறைகேட்டல் படைப்பு முடிந்தபின்தான் தொடங்கவேண்டும் என்பதில்லை. வள்ளல் சீதக்காதியின் விருப்பத்தால் சீறாவைத் தொடங்க முனைந்த உமறுப்புலவர், அரபு மூலங்களின் செய்திகளை அறிய மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பாவை நாடினார். முதலில் மறுக்கப்பட்டார் என்றும், பின்னர்ப் பரங்கிப்பேட்டையில் செய்திகளைப் பெற்றார் என்றும் செவிவழிச் செய்திகள் கூறும். மறுப்பு நேர்ந்தபோது அவர் பாடுவதை விட்டொழியவில்லை, கேட்டறிவதையும் விட்டொழியவில்லை. 5027 விருத்தங்களில் விரிந்த அக்காப்பியம் நாயகத்தின் வரலாறு முழுவதையும் கூறாமல் நின்றது. அக்குறையைப் பின்வந்த பனீ அகமது மரைக்காயர் பழித்துப் பேசிக்கொண்டிராமல் சின்னச் சீறாவைப் பாடி நிறைத்தார். இத்தகைய விமரிசனம் மிக அரிது.

முழு வடிவில் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் நூல்களில் பழமையானது என்று போற்றப்படும் ஆயிர மசலா 1572இல் மதுரையில் அரங்கேறியது. வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய அந்நூலே வினாவும் விடையுமாக அமைந்தது என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

கேட்போர்க்கு ஒரு சொல்

இதுகாறும் படைப்போனை நோக்கியே கூறினேன். இம்மலரைப் படிக்கும் பெரியோர் பலர் கேட்போர் வரிசையில் அமர்பவர்கள்: ஆசிரியர்கள், கம்பெனி நடத்துபவர்கள், ஜமாஅத் பொறுப்பாளர்கள். அவர்கள்பால் பணிவோடு ஒரு நிகழ்ச்சியை முன்வைக்கிறேன்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, கி.பி. 624இல், பத்ருக் களத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் படையை நிறுத்தினார்கள். அப்போது தோழர் ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) முன்வந்து ஒன்று கேட்டார்கள்: இவ்விடம் இறைவன் அறிவித்த இடமா, அன்றிப் போர்த்தந்திரம் கருதித் தாங்கள் தேர்ந்ததா? தாம் தேர்ந்ததே என்று நாயகம் விடை பகர்ந்தபின்னரே, எதிரிக்கு அண்மையிலுள்ள நீர்நிலைக்கு நகர்வது நலம் என்னும் தம் கருத்தை அவர் கூறினார். நாயகம் அதனை ஏற்று இடம் மாற்றினார்கள். மூன்றாண்டு கழித்து அகழ்ப் போரில் பாரசீகத்துத் தோழர் சல்மான் (ரலி) கூறிய அகழித் திட்டமும் அவ்வாறே ஏற்கப்பட்டது.

ஹுபாப் அவர்களின் முறையைக் கவனித்தல் வேண்டும். குறை கூறுவதற்குமுன் அவர் வினவினார். மாற்றக்கூடியதா, மாற்றக்கூடாததா என்று அறிந்தபின் பேசினார். பேசியபோதும் இது தவறு என்று நில்லாமல், எங்கே செல்லலாம், ஏன் செல்லலாம் என்று முழுமையாகக் கூறினார். நம் வகுப்பறைகளில் மாணவன் வரைந்த தாளைத் தூர வைத்துப் பார்த்துவிட்டு "என்னப்பா இது?" என்கிறோம். யானும் கூறியிருக்கிறேன். அந்த ஒரு சொல் கேட்டுப் பழகியவன்தான் பின்னாளில் "ஏன்?" என்னும் எளிய வினாவைக் கேட்டதும் தோளிலுள்ள மடிப்பை எடுத்துவிடுகிறான்.

வியாழக்கிழமை அவை

மாணவன் திரும்பி வந்த அந்த ஆண்டிலிருந்து, ஆடை வடிவமைப்பு வகுப்பினர்க்கு வியாழக்கிழமைத் தமிழ்ப் பாடவேளையில் ஓர் அவை நடத்தி வருகிறோம். ஒருவர் தாம் தைத்ததையோ வரைந்ததையோ கொணர்ந்து, பாயிரத்தின் பதினொன்றில் தமக்கு வேண்டுவனவற்றைத் தமிழில் கூறவேண்டும். உடன் பயிலும் ஒருவர் அதங்கோட்டாசான் இருக்கையில் அமர்ந்து தடை எழுப்புவார். மூன்றாமவர் ஒருவர் எழுந்த தடைகளைக் கரும்பலகையில் எழுதி, அவற்றுள் எது வினா, எது குற்றச்சாட்டு, எது வெறும் விருப்பு என்று பிரித்துக் காட்டுவார். அதன்பிறகே படைத்தவர் வாய் திறக்கலாம். முதல் சில வாரங்கள் சிரிப்பிலேயே கழிந்தன. ஒருநாள் ஒரு மாணவி அழுதும்விட்டாள். அன்று தடை எழுப்பியவளே மாலையில் அவளோடு அமர்ந்து கைப்பட்டையைப் பிரித்துத் தைத்துக் கொடுத்ததாகப் பின்னர் அறிந்தேன்.

ஊர் திரும்பிய அம்மாணவன் தன் முதற் பனியனை என்னிடம் விட்டுச் சென்றான். வேறொரு கம்பெனியில் இப்போது மாதிரி தைப்பிக்கும் பணியில் இருக்கிறான். அந்தச் சிறு பனியனை ஒவ்வோராண்டும் முதல் வியாழனன்று மேசைமீது வைப்பது வழக்கமாகிவிட்டது. சென்ற பருவத்தில் அதங்கோட்டாசான் இருக்கையில் முதலில் அமர்ந்தவள் கொமரலிங்கத்து மாணவி ஒருத்தி. அதனை எடுத்துத் தோளை விரித்துப் பார்த்தாள். "இது யார் உடுத்துவதற்கு, யார் உடுத்திவிடுவதற்கு?" என்று கேட்டாள்.